லிப்ட்காரர் வனைந்த சட்டி

கேன்டீன் மாஸ்டருக்குத் தன் அண்ணன்மேல் ஒரு மனத்தாங்கல். இன்று நேற்று வந்ததல்ல. கரண்டி பிடிக்க ஆரம்பித்த காலத்திலிருந்து உள்ளுக்குள் கிடந்து புழுங்குவது. விஷயம் சின்னதுதான். மாஸ்டர் சமைத்ததை அண்ணன் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நன்றாக இல்லை என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அதுவும் கிடையாது. சாப்பிடுவார். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "மாடிக் கதவ சாத்திட்டியா?" என்று கேட்பார். கதவைப் பற்றிக் கேட்க வாய் இருக்கிற மனுஷனுக்குக் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மாஸ்டர் லேசுப்பட்ட ஆளும் இல்லை. பெரிய துணி ஆலை, அதன் கேன்டீனுக்கு அவர்தான் தலை. ஒரு வேளைக்கு நானூறு தட்டு விழும். அவர் கிண்டுகிற அண்டாவில் ஒரு ஆள் இறங்கி உட்கார்ந்து குளிக்கலாம். சமையல் பதத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும், கையிலிருக்கிற நீளக் கரண்டியை அண்டாவின் விளிம்பில் மூன்று தரம் தட்டுவார். டங், டங், டங். கரண்டியில் ஒட்டியது உள்ளே விழுந்த மாதிரியும் ஆயிற்று, சாப்பாடு தயார் என்று ஊருக்குச் சொன்ன மாதிரியும் ஆயிற்று. அந்தச் சத்தம் கேட்டதும் எண்ணெய்க் கை, நூல் ஒட்டின கை எல்லாம் கழுவிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கும். போகிற போக்கில் எவனாவது, மாஸ்டர் இன்னைக்குப் பருப்பு தூக்கிடுச்சு என்று சொல்லிவிட்டுப் போவான். நானூறு பேரில் நாலு பேராவது தினம் சொன்னார்கள். சொல்லவேண்டிய ஒருத்தர் சொல்லவில்லை.

அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில்தான். மாடியில் மாஸ்டரும் மனைவியும் மகளும். கீழே ஒற்றை அறை, அதற்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடம், அங்கே அண்ணன். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்த்தார்கள், அமையவில்லை, பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது மாஸ்டர் ஒரு தூக்குவாளியில் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவருவார். கொண்டுவந்து வைப்பார், அண்ணன் சாப்பிடுவார், கதவைப் பற்றிக் கேட்பார். இப்படியே இருவருக்கும் தலை நரைத்தது.

அண்ணன் ஆஸ்பத்திரியில் லிப்ட்காரர். முக்காலி ஒன்று, அதன்மேல் அவர், எதிரே பொத்தான்கள். காலையிலிருந்து மாலைவரை ஏறினார், இறங்கினார், எங்கேயும் போகவில்லை. ஆஸ்பத்திரி லிப்டில் ஏறுகிறவன் சிரித்துக்கொண்டா ஏறுவான்? ஏறின முகங்களையெல்லாம் பார்த்துப் பார்த்து அண்ணனின் முகமும் அப்படியே ஆகிவிட்டது. குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொண்ட மாதிரி, சிரிப்பு தம்பிக்கு, வாட்டம் அண்ணனுக்கு. "பாவம் எங்க அண்ணன்" என்று மாஸ்டர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைச் சொல்லும்போது வாயில் வெல்லக்கட்டி போட்ட மாதிரி இருக்கும். அது ஏன் இனிக்கிறது என்று அவர் உட்கார்ந்து யோசித்ததில்லை.

அப்புறம் ஒரு நாள் லிப்ட் ரிப்பேர் ஆயிற்று. வேறு வழியில்லாமல் அண்ணன் படியேறினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆயுசு பூராவும் லிப்டில் போனவன், ஒரே ஒரு நாள் படியில் கால் வைத்தான், படி பழிவாங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சிரித்தார்கள். மாஸ்டரும் கேன்டீனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கட்டுப் பிரித்த பிறகு விரல் மடங்கவில்லை. கைப்பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி அந்த ஆஸ்பத்திரியில் உண்டு. அவள் ஒரு உருண்டை களிமண்ணைக் கொடுத்து, பிசைஞ்சுகிட்டே இருங்க சார் என்று சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் பிசைந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போவார்கள். அண்ணன் பிசைந்ததை ஒரு கிண்ணமாக ஆக்கி மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் இன்னொன்று. விரல் சரியாகிவிட்டது, இனி வரவேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும் போனார். கடைசியில் ஆஸ்பத்திரி எலக்ட்ரீசியன் ஒரு பழைய துணி துவைக்கும் மெஷினின் மோட்டாரைக் கழற்றி, மேலே ஒரு தட்டைப் பொருத்தி, வனைகிற சக்கரமாக்கிக் கொடுத்துவிட்டார். அது வீட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. கூடவே செங்கல் சூளையிலிருந்து மூட்டை மூட்டையாக மண். சுடுவதற்கு ஒரு எண்ணெய் டிரம், பக்கவாட்டில் ஓட்டை போட்டது, உள்ளே நிரப்ப மரக்கடைத் தூள்.

மாஸ்டருக்கு அப்போது பொறாமை இல்லை. சிரிப்புதான் வந்தது. துணி துவைக்கிற மெஷின் சட்டி செய்யுதாம் என்று ஆலை முழுக்கச் சொன்னார். முதல் டிரம் சுட்டதில் பாதிக்குமேல் வெடித்துச் சில்லாகிவிட்டது. மாஸ்டர் அன்றைக்கு இரண்டு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டார்.

ஆனால் அண்ணன் நிறுத்தவில்லை. மண்ணில் மணல் சேர்த்தார், நன்றாக மிதித்தார், காயவிட்டார், மறுபடி சுட்டார். சட்டி என்று சொல்லத்தக்க ஒன்று வந்தது. அதைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்கி ஜன்னலோரம் வைத்தார். வெறும் சட்டி வெறுமனே உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. சட்டிக்காகச் சமைக்க ஆரம்பித்தார். ஐம்பதை எட்டப்போகிற வயதில், அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாத மனுஷன், கத்திரிக்காய்க் காம்பைக் கிள்ளக் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் மாஸ்டர் வழக்கம்போலத் தூக்குவாளியை நீட்டினார்.

"இன்னைக்கு வேண்டாம்டா," என்றார் அண்ணன். "கொஞ்சம் பருப்பு வேக வெச்சிருக்கேன்."

மாஸ்டர் தூக்குவாளியோடு படியேறினார். அன்றைக்கு அந்த வாளி கனத்த மாதிரி அது என்றைக்கும் கனத்ததில்லை.

அதிலிருந்து பிடித்தது சனி. கீழே அண்ணன் அடுப்பு பற்ற வைத்தால் வாசனை படிவழியாக ஏறி மாடிக்கு வரும். மாஸ்டர் கதவைச் சாத்துவார். இத்தனை வருஷம் அண்ணன் கேட்டுக் கேட்டு அலுத்த கதவு, இப்போது கேட்காமலே சாத்தப்பட்டது. அப்படியும் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. மகள் வேலையிலிருந்து வந்ததும் மாடிக்கு வருவதில்லை, நேரே கீழே. "பெரியப்பா, என்ன மணம் இது?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக்கூடக் கழற்றாமல் போவாள். பெரியப்பா அவளுக்கு ஒரு கப் செய்து கொடுத்திருந்தார். ஒரு பக்கம் சாய்ந்து, குடிகாரன் மாதிரி நிற்கிற கப். மாஸ்டர் அவளுக்கென்று ஆசையாக வாங்கின கண்ணாடிக் கப் அலமாரியில் தூங்க, அவள் அந்தக் கோணல் கப்பில்தான் டீ குடித்தாள்.

மனைவி ஒருநாள் கீழேயிருந்து ஒரு கிண்ணம் கத்திரிக்காய் கொண்டுவந்தாள். உங்க அண்ணன் கொடுத்தார், ருசி பாருங்கள் என்றாள். மாஸ்டர் பசியில்லை என்றுவிட்டார். அவள் துணி மடிக்க உள்ளே போனதும் ஒரு விரலை விட்டு வழித்து நாக்கில் வைத்தார்.

நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். காய் உருக்குலையாமல் நின்றது, ஆனால் நாக்கில் பட்டதும் கரைந்தது. எண்ணெய் மிதக்கவில்லை. அடியில் லேசாக மண் மணம், அதற்கும் அடியில் ஒரு புகை. மாஸ்டர் இன்னொரு விரல் வழித்தார். குற்றம் எங்கே என்று தேடினார். கண்டுபிடித்தார்.

"உப்பு கம்மி," என்றார் மாஸ்டர், மனைவி வந்ததும்.

"எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு. பசியில்லன்னீங்க?"

மாஸ்டர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அவள் கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு, சொல்லாமல் சொல்லுகிற மாதிரி ஒன்று சொன்னாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டு அடுப்பை நீங்கள் ஒருநாளாவது பற்றவைத்திருக்கிறீர்களா என்று. நாள் முழுக்க அடுப்பில்தானே வேகிறேன் என்றார் மாஸ்டர். அது ஆலை அடுப்பு என்றாள் அவள். அதோடு போய்விட்டாள்.

கேன்டீனில் காய் நறுக்குகிற அக்கா ஒருத்தி உண்டு. எல்லோரும் அவளை வெங்காயம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரே கண்ணீர் விடும்போது சிரித்துக்கொண்டே நறுக்குவாள். அவள் கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்.

"என்ன மாஸ்டர், மூஞ்சி அடிப்பிடிச்ச பாத்திரமாட்டம் இருக்கு?"

எங்க அண்ணன் இப்போ சமைக்கிறான் என்றார் மாஸ்டர், ஏதோ அண்ணன் சிறைக்குப் போய்விட்டான் என்கிற குரலில்.

"அதுக்கு சந்தோஷம்தானே படணும்?"

"படுறேன்."

"படுறது தெரியுது," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அந்த வாரம் மாஸ்டருக்குப் புத்தி கெட்டது. அண்ணனைப்போல் சின்னத் தீயில் நின்று நிதானமாக வேகவைத்தால் என்ன என்று தோன்றியது. நானூறு பேருக்கு உண்டான அண்டாவைச் சின்னத் தீயில் வைத்தார். சாப்பாட்டு நேரம் வந்தது, பருப்பு வேகவில்லை. வரிசை வாசலைத் தாண்டிப் போய்விட்டது. ஒருத்தன் தட்டைத் தட்ட ஆரம்பித்தான், அப்புறம் நானூறு தட்டும் தாளம் போட்டது. மேலாளர் எட்டிப் பார்த்தார். வெங்காயம் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மாஸ்டரால் தாங்க முடியாதது வேறு. அண்ணன் சிரித்தார். மாடிப்படி ஜன்னலில் மறைந்து நின்று மாஸ்டர் பார்த்திருக்கிறார். சக்கரம் சுற்றும், அண்ணனின் இரண்டு கைக்கும் நடுவில் மண் எழும், வயிறு தள்ளும், கழுத்து குறுகும். இதோ வந்துவிட்டது என்கிற நேரத்தில் ஒரு பக்கம் சரிந்து பொத்தென்று உட்காரும். அப்போது அண்ணன் சிரிப்பார். யாரும் இல்லை அங்கே. தனக்குத் தானே, தோற்றதற்குச் சிரிக்கிற மனுஷன். மாஸ்டரின் அண்டாவில் ஒருநாள் அடிப்பிடித்தால் நாலு பேருக்காவது திட்டு விழும். அந்த மண் படிந்த முகத்தில் ஓடின சிரிப்பு எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தெரிந்தால் மாஸ்டர் கடன்பட்டாவது வாங்கியிருப்பார். குடும்பத்தில் சிரிப்பு தன் பங்கு அல்லவா? தன்னைக் கேட்காமல் அதை எடுத்துக்கொள்ள இவர் யார்? 'பாவம் எங்க அண்ணன்' என்று சொல்லி எத்தனை மாதமாயிற்று என்று நினைத்துப் பார்த்தார். வாயே கசந்தது.

மூடி போட்ட சட்டி ஒன்று செய்யவேண்டும் என்பது அண்ணனின் ஆசை. மூடி சுலபமில்லை. காயும்போது சட்டி ஒரு அளவு சுருங்கும், மூடி வேறொரு அளவு சுருங்கும். சுட்டு எடுத்தால் ஒன்று மூடி உள்ளே விழும், இல்லையென்றால் மேலே நின்று ஆடும். எத்தனையோ பாழானது. கடைசியில் ஒன்று அமைந்தது. உருண்டை வயிறு, கறுப்பு மினுமினுப்பு, மூடியை வைத்தால் உதடு மூடின மாதிரி பதிந்தது. அண்ணன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடிக்கே ஏறிவந்தார். முதலில் தம்பியிடம்தான் காட்டினார்.

"பாருடா."

மாஸ்டர் பார்த்தார். மூடியைத் தூக்கினார், வைத்தார். "கடையில இதவிட சல்லிசா கிடைக்கும்," என்றார்.

"கிடைக்கும்," என்று சொல்லிவிட்டு அண்ணன் சட்டியோடு இறங்கிப்போனார். ஒவ்வொரு படியாக, காலால் தடவிப் பார்த்து இறங்குகிற சத்தம் கேட்டது. மனைவி மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தாள். அன்று அவள் அவருக்குத் தட்டு வைத்த சத்தத்தில் அந்தப் பார்வை மிச்சமிருந்தது.

அடுத்து வந்த விடுமுறை நாளில் அண்ணன் விருந்து வைத்தார். விருந்தென்றால் பெரிய கூட்டமில்லை. கைப்பயிற்சிப் பெண், மோட்டார் கொடுத்த எலக்ட்ரீசியன், மாடிவீட்டார் மூன்று பேர். அந்த மூடிச் சட்டியில் கோழியும் உருளைக்கிழங்கும். மாஸ்டர் வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். வராவிட்டால் வயிறு எரிகிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்றாள் மனைவி. அதனால் முதல் ஆளாகவே இறங்கி வந்தார்.

கைப்பயிற்சிப் பெண்ணுக்கு வீடு தெரியாது. அண்ணன் பஸ் நிறுத்தத்துக்குப் போய் அவளைக் கூட்டிவர வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு தம்பியிடம் சொன்னார். "கொஞ்சம் பாத்துக்கடா. ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா பாத்தா போதும்."

நானூறு பேருக்குப் படியளக்கிற ஆளிடம் ஆறு பேர் சட்டியைச் சும்மா பார் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். சட்டி முணுமுணுத்தது. மூடியின் ஓரத்தில் ஆவி ஒரு நூல் மாதிரி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டின கை தானாக அவிழ்ந்தது. பரிமாறுவதற்காக மனைவி காலையிலேயே கொண்டுவந்து வைத்திருந்த எவர்சில்வர் கரண்டி பக்கத்தில் கிடந்தது. மூடியைத் திறந்தார். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினார். இந்தத் தடவை உப்பும் சரியாக இருந்தது.

ஒரு கிண்டு கிண்டினார். கிழங்கு வெந்துவிட்டது. கோழி எலும்பை விட்டு விலகி நின்றது. பதம் வந்துவிட்டது என்று கைக்குத் தெரிந்தது. பதம் வந்தால் அந்தக் கைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். கரண்டியைத் தூக்கி விளிம்பில் தட்டினார்.

டொக்.

டங் இல்லை. மறுபடி தட்டினார்.

மூன்றாவது தட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. விளிம்பிலிருந்து ஒரு கோடு வயிறுவரை ஓடியது, சட்டி வாயைப் பிளந்து பாதியாக விழுந்தது. கோழியும் கிழங்கும் அடுப்பின்மேல் சரிந்தன, தீ சீறி அணைந்தது. மாஸ்டர் பதறிக் காஸை மூடினார். கையில் இன்னும் கரண்டி.

மனைவி வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"வேணும்னே பண்ணீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. இத்தனை வருஷம் தட்டிப் பழகின கை, அது பாட்டுக்குத் தட்டிவிட்டது, அதுதான் உண்மை. ஆனால் முதல் தட்டிலேயே சத்தம் வேறு என்று காதுக்குத் தெரிந்துவிட்டதே. இரண்டாவது எதற்கு? கை தட்டியதா, வயிறு தட்டியதா? மாஸ்டர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஒன்றும் சொல்லவில்லை.

எலக்ட்ரீசியன் வந்தார். மகள் இறங்கி வந்தாள். அண்ணன் கைப்பயிற்சிப் பெண்ணோடு பேசிக்கொண்டே உள்ளே நுழைந்தவர் பேச்சை நிறுத்தினார். யார் முகத்திலும் ஈயாடவில்லை. அண்ணன் அடுப்படிக்கு வந்து குனிந்து, உடைந்த சில் ஒன்றை எடுத்து, துண்டால் துடைத்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"மெல்லிசா இழுத்துட்டேன்," என்றார் அந்தப் பெண்ணிடம். "அழகா இருக்கும்னு பாத்தேன். இன்னும் கொஞ்சம் தடியா விட்டிருக்கணும்."

மாஸ்டருக்கு அதுவரை இருந்த பயம் போய்க் கோபம் வந்தது.

"திட்டேண்ணே. நாலு வார்த்தை திட்டேன். நான் சமைச்சா ஒண்ணும் சொல்ல மாட்ட. உடைச்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். எந்த மாடி என்று கேட்கிற அதே குரலில்தான் பேசினார். கோபமெல்லாம் இல்லை.

"நீ எங்கடா எனக்குச் சமைச்ச? ஆலைக்குச் சமைச்ச. மிஞ்சினத எனக்குக் கொண்டாந்து குடுத்த. ஆறிப்போனதுல நான் என்னத்தச் சொல்றது?"

மகள் தரையைப் பார்த்தாள். எலக்ட்ரீசியன் எழுந்து சக்கரத்தின் ஒயரைச் சரிபார்க்கப் போவதுபோல் பின்பக்கம் போய்விட்டார். 

"மிஞ்சினதா?" என்றார் மாஸ்டர். "மிஞ்சினதாண்ணே அது? வரிசைய விடறதுக்கு முன்னாடி முதல் கரண்டி உனக்குத்தான். மேலாளருக்கே அப்புறம்தான். மேலாப்புல நல்லதாப் பாத்து எடுத்து, மூடி தனியா வெச்சிடுவேன். முதல்லயே எடுத்து வெச்சதாலதான் ஆறிப்போச்சு."

 அண்ணன் கையிலிருந்த சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு சாயங்காலமும் நீட்டப்பட்ட வாளி அவர் கண்முன் வந்திருக்க வேண்டும், வரிசையாக.

"இத நீ சொல்லவே இல்லையே," என்றார் கடைசியில்.

"நீ கேக்கவே இல்லையே."

அண்ணன் சில்லை ஜன்னலோரம் வைத்தார். வெகுநேரம் நின்று யோசிக்கிற ஆள் இல்லை அவர், பொத்தானை அமுக்கிப் பழகினவர். திரும்பி, எல்லோரும் பசியோடு இருக்கிறார்கள், இப்போது ஏதாவது சுடச்சுடச் செய் என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கத் துணி எடுத்தார்.

மனைவி மாடிக்கு ஓடி முட்டையும் கிழங்கும் இரும்புச் சட்டியும் கொண்டுவந்தாள். மாஸ்டர் அண்ணனின் அடுப்பில் நின்றார். அண்ணனின் அடுப்பு உள்ளங்கை அளவு இருந்தது. கிழங்கு நறுக்கினார், அது மின்னல். வதக்கினார், அது கைவந்தது. உப்புக்கு வந்தபோதுதான் சங்கடம். ஒரு அண்டாவுக்கு எத்தனை பிடி என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார். ஆறு பேருக்கு எவ்வளவு? ஒருநாளும் போட்டதில்லை. விரல்நுனியில் எடுத்தார், அது அவர் கண்ணுக்கே பிச்சை போடுகிற மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்தார். பார்த்துப் போடுங்கள் என்றாள் மனைவி காதோரம். எனக்குத் தெரியும் என்றார் மாஸ்டர். கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு முட்டையை உடைத்து ஊற்றினார்.

அண்ணன் செய்த மண் தட்டுகள் ஆறு தரையில் வைக்கப்பட்டன. எதுவும் சரியான வட்டமில்லை. மகள் தனக்கென்று ஒரு தட்டைத் தேடி எடுத்தாள். கைப்பயிற்சிப் பெண் தட்டின் ஓரத்தை விரலால் வருடிக்கொண்டிருந்தாள், பூனையைத் தடவுவதுபோல். மாஸ்டர் தன் தட்டை விட்டுவிட்டு மற்ற ஐந்திலும் பரிமாறினார். ஆவி பறந்தது. நான் சமைத்ததைத் தின்னப்போகிறார்கள், ஆனால் இவர்கள் விரல் தடவுவது அவன் தட்டை என்று நினைத்தார்.  அந்த எரிச்சல் அத்தனை சீக்கிரம் போகிறதா என்ன?

பரிமாறி முடித்து அடுப்போரம் போய் நின்றுகொண்டார். அவர் எப்போதும் நிற்கிற இடம் அதுதான். நானூறு பேர் தின்பதை நின்று பார்த்தே பழக்கம். தான் தின்பதோ எல்லாம் முடிந்த பிறகு, நின்றபடியே, அண்டாவின் அடியில் ஒட்டியதை.

அண்ணன் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். மென்றார்.  மாஸ்டர் கரண்டியை இறுகப் பிடித்தார். இருந்திருந்து, நிதானமாக விழுங்கிவிட்டு, அண்ணன் சொன்னார்.

"உப்பு கூட."

மகள் முதலில் சிரித்தாள். பிறகு எலக்ட்ரீசியன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு தோளால் சிரித்தாள். மாஸ்டருக்குக் காது சூடானது. ஆனால் உள்ளே வேறு ஏதோ நடந்தது. கதவைப் பற்றி இல்லை. சாப்பாட்டைப் பற்றி. இத்தனை காலத்தில் அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, அதுவும் தப்பில்லாத பேச்சு. உப்பு கூடத்தான். கூட என்ன, கடலே கொட்டியிருந்தது.

அண்ணன் காலி செய்த தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு."

மாஸ்டர் போட்டார். மறுபடி அடுப்போரம் போனார். சட்டியில் இன்னும் ஒருத்தருக்கு ஆகும்படி இருந்தது. அதை ஒன்றாக வழித்தார். கரண்டியில் ஒட்டியதை உதற, பழகின கை மேலே போயிற்று. இரும்புச் சட்டிதான், உடையாது. ஆனாலும் விளிம்புக்கு ஒரு விரல்கடை முன்னால் அந்தரத்தில் நின்றது.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த ஆறாவது தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

"கரண்டிய அங்கயே வெச்சிட்டு வந்து உக்காருடா," என்றார்.